கட்டுச்சோற்றை எங்கே அவிழ்ப்பது?

கொழும்பு காலிமுகத்திடலில் கடலோர நடைபாதைப் பக்கமாக ஒரு நினைவுக்கல் நிற்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் இந்த நடைபாதையை 1856இல் தொடங்கினார், 1859இல் வேலை முடிந்தது, கொழும்பின் பெண்களையும் பிள்ளைகளையும் மனதில் வைத்து இதைத் தமக்குப் பின் வரும் ஆளுநர்களிடம் ஒப்படைக்கிறார் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். நல்ல மனிதர். பெண்களையும் பிள்ளைகளையும் நினைத்தவர் நாலு நிழல் மரத்தையும் நினைத்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் இந்தக் குறை ஒவ்வொரு மார்கழியிலும் எழும்பும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். வெள்ளவத்தை மாடிவீட்டு விறாந்தையில் பதினாலு பேர் முட்டி மோதி இரண்டு நாள் இருந்த பிறகு, யாராவது ஒருவர் சொல்வார்: "எங்கயாவது வெளியில போய் இருந்து சாப்பிடுவமே?" அதோடு சண்டை தொடங்கும். சித்திக்குக் கடல் வேண்டும். மச்சானுக்குக் கமராவும் பறவையும். பிள்ளைகளுக்கு ஓட இடம். அம்மாவுக்கு நிழலும், சாய்ந்திருக்க ஒரு கதிரையும், எட்டிய தூரத்தில் கழிவறையும். "தம்பி, கடல் ஒரு இடமும் போகாது. என்ர முழங்கால்தான் போயிடும்" என்பது அவருடைய வாதம்.

நாலைந்து வருடம் இந்தப் பஞ்சாயத்தை நடத்திய பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. எது வடிவான இடம் என்று கேட்கும்போதே நாங்கள் பிழைவிடுகிறோம். கொழும்பில் வடிவான இடங்களுக்குக் குறைவில்லை. முதலில் கேட்க வேண்டியது, எந்த வேளைச் சாப்பாட்டைக் கொண்டுபோகிறோம் என்பது. காலைச் சாப்பாட்டுக்கு ஏற்ற இடத்தில் மத்தியானம் இருக்க முடியாது. பின்னேரத் தேநீருக்குச் சொர்க்கமான இடம் பகல் பன்னிரண்டு மணிக்கு அடுப்புக்கல். இதைத் தீர்மானிக்காமல் இடத்தைத் தீர்மானிப்பது கட்டுச்சோற்றுக்குள் எலியையும் வைத்துக் கட்டுவது போலத்தான்.

கடலில் இருந்தே தொடங்குவோம், சித்தி கோபிக்காமல் இருக்க. கொழும்பின் கடல் மேற்கே இருக்கிறது. காலையில் வெயில் முதுகில் விழும். ஒன்பது மணிக்குள் தலைக்கு மேல் ஏறிவிடும். அதன் பிறகு நாலு மணி வரைக்கும் கடற்கரையில் மனிதருக்கு வேலையில்லை. ஆனால் பின்னேரம் வேறு உலகம். சூரியன் ஆண்டு முழுவதும் ஐந்தே முக்காலுக்கும் ஏறக்குறைய ஆறரைக்கும் நடுவில் கடலில் விழுகிறது. நாலரைக்குப் போய் ஏழுக்குத் திரும்பினால் அந்த இரண்டரை மணித்தியாலத்துக்கு இணையான காட்சி இந்த நகரத்தில் இல்லை. இதில் நானும் சித்தியும் ஒரே கட்சி.

காலிமுகத்திடலுக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து ஒன்றும் கட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. ஒருமுறை மத்தியானச் சோற்றை அங்கே கொண்டுபோய், காற்றில் பெட்சீட்டின் நாலு மூலைக்கும் நாலு செருப்பை வைத்து அமர்ந்தோம். இலையைத் திறந்த இரண்டாவது நிமிடம் ஒரு காகம் பொரித்த மீன் துண்டோடு இந்து சமுத்திரத்தின் பக்கம் பறந்தது. மற்றக் காகங்களுக்கு யார் தகவல் சொன்னார்களோ தெரியாது. எஞ்சிய சோற்றில் மணல். அதன் பிறகு அங்கே போனால் வாங்கித்தான் சாப்பிடுவது: முழு இறாலைப் பதித்துப் பொரித்த இஸ்ஸோ வடை, மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், அன்னாசி, அவித்த கடலை. நின்றுகொண்டே சாப்பிடலாம், குப்பையும் கொஞ்சம். பிள்ளைகள் பட்டம் விடட்டும். நிழல்தான் இல்லையே தவிர அங்கே மனிதர் தங்கியிருக்கவே முடியாது என்றில்லை. 2022இல் ஜனாதிபதியை விலகச் சொன்ன போராட்டக்காரர்கள் கூடாரமடித்து, சமையலறையும் நூலகமும் வைத்து மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். ஆனால் எங்களிடம் இருப்பது ஒரு பெட்சீட்.

கொழும்பு ஒரு துறைமுக நகரம் என்று பெயர், ஆனால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வடை சாப்பிட இடம் கிடையாது. மதிலுக்கும் காவலுக்கும் பின்னால் பாரந்தூக்கிகளின் தலை மட்டும் தெரியும். முன்பு காலிமுகத்திடலில் இருந்து பார்த்தால் வடக்கே கடல் திறந்து கிடக்கும், நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களை எண்ணலாம். இப்போது அந்தப் பக்கத்தில் போர்ட் சிட்டி இருக்கிறது: கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டயர். அதன் கரையோர நடைபாதை 2022 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறந்தது. துப்புரவு, அகலமான பாதை, சக்கர நாற்காலியும் பிள்ளை வண்டியும் தடையின்றி உருளும். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் படமெடுக்க விரும்புவார்கள். எனக்கு அங்கே பசிப்பதில்லை. மரம் வளர்ந்து மனிதர் பழகும் வரைக்கும் அது நடக்கிற இடம்தான்.

கல்கிசை வேறு குணம். வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் தெஹிவளை, அடுத்தது கல்கிசை. நிலையத்தில் இறங்கினால் மணல் சில அடி தூரத்தில். தெற்கே முனையில் ஆளுநர் மெயிட்லண்ட் 1806இல் தொடங்கிய மாளிகை, இன்றைய ஹோட்டல், வெள்ளையாக நிற்கும். கரையோரத் தென்னைகள் கொஞ்சம் நிழல் தருகின்றன. கடலோர உணவகங்களில் ஒரு பிளேன் டீயும் ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பொரியலும் சொன்னால் அம்மாவுக்குக் கதிரையும் கழிவறையும் கிடைத்துவிடும். அந்தக் காசை நான் தேநீருக்குக் கொடுத்ததாக நினைப்பதில்லை. தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் மட்டும் பிள்ளைகளின் கையை விடக் கூடாது. வளைவில் ரயில் வரும் சத்தத்தை அலைச் சத்தம் விழுங்கிவிடும்.

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, மோதரைச் சனத்துக்கு இவ்வளவு தூரம் தெற்கே வரத் தேவையில்லை. களனி ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் காக்கைத்தீவுக் கடற்கரைப் பூங்கா இருக்கிறது. ஆறும் கடலும் சேரும் இடம் என்பதால் மாலை வெளிச்சம் அங்கே இன்னும் மெதுவாக அணைவது போல இருக்கும். பலத்த மழைக்கு அடுத்த நாள் மட்டும் வேண்டாம். நகரம் வீசியதை எல்லாம் ஆறு கொண்டுவந்து கரையில் ஒப்படைத்திருக்கும்.

நகர நடுவில் இருக்கும் பேரை வாவியைக் கேட்பவர்களுக்கு: பார்க்கலாம், கூழைக்கடா உண்டு, தண்ணீர் பச்சை. காற்று உங்கள் பக்கம் அடிக்காத நாளில் போங்கள்.

கடலுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே போனால் காலைச் சாப்பாட்டுக்கான கொழும்பு வரும். இதை எங்கள் ஆட்களில் பலருக்கு இன்னும் தெரியாது. வெள்ளவத்தையில் முப்பது வருடம் இருந்தும் தலங்கம வாவியைக் காணாதவர்கள் எங்கள் மாடியிலேயே மூன்று குடும்பம். ஆனால் உலகத்தில் முதன்முதலாக ஈரநில நகரம் என்று, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று, அது 2018இல். நகரத்துக்குள் இத்தனை சதுப்பு எஞ்சியிருப்பதால்தான் பெருமழையில் எங்கள் தெரு இடுப்பளவு வெள்ளத்தோடு நின்றுவிடுகிறது, இல்லாவிட்டால் கழுத்தளவு. அந்தச் சதுப்பில் மீன்பிடிப் பூனைகள் இன்றும் வாழ்கின்றன. பகலில் அதைக் காண்பேன் என்று மச்சான் மூன்று முறை போய் மூன்று முறையும் வீட்டுப் பூனையைப் படமெடுத்து வந்தார்.

தலங்கம வாவி பத்தரமுல்லைக்கு அப்பால். காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். வெள்ளவத்தையில் இருந்து ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் வாகன நெரிசல் கிடையாது. வாவியின் ஓரமாகவே தெரு போகிறது, அதனால் அம்மா வான் வண்டிக்குள் இருந்தபடியே பார்க்கலாம். நீலத் தாழைக்கோழி காலை அகட்டி வைத்து நடக்கும், இலைக்கோழி மிதக்கும் இலைக்கு மேல் எடையே இல்லாதது போல ஓடும், மீன்கொத்தி கம்பியில் காத்திருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் இலங்கைக்கே உரிய ஊதாமுக மந்திகள் தோட்டத்து மரங்களில் தாவும். அப்பால் வயல். பாணும் சீனிச் சம்பலும், அவித்த முட்டையும், பிளாஸ்கில் தேநீரும் போதும். எட்டரைக்கு வெயில் கடுக்கும், கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். குறை ஒன்று: கழிவறையை எதிர்பார்த்துப் போக முடியாது. அது குடியிருப்புத் தெரு. சனங்களின் வாசலுக்கு முன்னால் பாட்டுப் போட்டுக் கும்மாளமடிப்பதும் மரியாதையில்லை.

கழிவறையும் வேலியும் டிக்கெட்டும் வேண்டும் என்றால் கோட்டே பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவும், தலவத்துகொடையில் தியசரு பூங்காவும் இருக்கின்றன. இரண்டும் சதுப்புக்குள் போட்ட பாதைகளில் நடந்து பார்ப்பதற்கு. பெத்தகானயில் மரப்பலகைப் பாதை, பார்வைக் கோபுரம், சுற்றிலும் பழைய கோட்டே இராசதானியைக் காத்த நீரும் சேறும். பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்றால் தியசரு, இடம் விரிந்தது. ஆனால் இரண்டையும் பாய் விரித்துச் சாப்பிடும் இடமாக நான் எண்ணுவதில்லை. நடந்து முடித்து, வெளியே வந்து சாப்பிடுவதே நல்லது. பக்கத்துத் தியவன்னா ஏரியில் முதலை உண்டு. பந்து தண்ணீரில் விழுந்தால் பந்து போனதுதான். நுளம்பும் உண்டு, காலையும் மாலையும் அதற்குத்தான் ஆட்சி. எண்ணெய் பூசாமல் போய், டெங்குப் பயத்தில் ஒரு கிழமை காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு ஒன்று போதும்.

அந்த நீரையே மாலையில் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பத்தரமுல்லை தியத உயன. எதிரே ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறந்த பாராளுமன்றம், தண்ணீருக்கு நடுவில் கூரை கூரையாக. கடைகள் பக்கத்திலேயே. ஞாயிறு மாலையில் கொழும்பின் பாதி அங்கேதான் நிற்கும்.

இப்போது மத்தியானம். உண்மையான கட்டுச்சோற்று வேளை இதுதான்: வாழையிலையை வாட்டி, புளிச்சோறோ மஞ்சள் சோறோ வைத்து, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் மிளகாய்ப் பொரியலும் ஓரத்தில் வைத்துக் கட்டிய பார்சல். (பொலித்தீன் லன்ச் ஷீட் 2017இலேயே தடைசெய்யப்பட்டது, அம்மா அதற்கு முன்பும் இலையைத்தான் பாவித்தார், சட்டம் இப்போதுதான் தன்னிடம் வந்திருக்கிறது என்கிறார்.) இலையைத் திறந்து, பேசிப் பேசி ஒரு மணித்தியாலம் சாப்பிட்டு, பிறகு சரிந்து படுக்க வேண்டும். அதற்கு ஒன்றே ஒன்றுதான் தேவை, பெரிய மரம். எங்கள் தெரிவில் இரண்டு இடம் எஞ்சியது: விகாரமகாதேவிப் பூங்கா, கம்பஹாவில் ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா.

விகாரமகாதேவிப் பூங்கா நகர மண்டபத்துக்கு எதிரே. பழைய ஆட்கள் இன்றும் விக்டோரியா பார்க் என்பார்கள். விக்டோரியா மகாராணியின் பெயர் போய்த் துட்டகைமுனுவின் தாயாரின் பெயர் வந்தது. மரங்கள் இரண்டு பேரையும் பொருட்படுத்தாமல் நிழல் தருகின்றன. வெள்ளவத்தையில் இருந்து ஓட்டோவில் போகலாம். தரை சமம், இருக்கைகள் உண்டு, பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கலும் உண்டு. உப்பு மறந்தால் ஓடிப் போய் வாங்கலாம். மழை வந்தால் பொது நூலகமும், 1877இல் திறந்த தேசிய நூதனசாலையும் நடை தூரத்தில். அம்மாவின் வாக்கு ஒவ்வொரு வருடமும் இதற்குத்தான். எதிராகச் சொல்ல இரண்டு விஷயம். ஒன்று, சுற்றிவரப் பஸ் ஹோர்ன். கண்ணை மூடினால் நகரத்தை விட்டு வெளியே வந்ததாக மனம் ஒத்துக்கொள்ளாது. இரண்டு, ஒவ்வொரு நல்ல மரத்தடியிலும் ஒரு குடை விரிந்திருக்கும், குடைக்குப் பின்னால் இரண்டு பேர். பதினாலு பேர் கொண்ட குடும்பமாகப் போய் அவர்கள் பக்கத்தில் பாயை விரித்துச் சோற்றைப் பிரிப்பது, சொல்லப்போனால், கொடுமை. ஒருமுறை எங்கள் மாமா ஒரு சோடிக்கு வடை கொடுக்கவே போய்விட்டார்.

ஹெனரத்கொட இதற்கு நேரெதிர். பேராதனைப் பூங்காவின் தங்கச்சி என்று சொல்லலாம், அதன் கால்வாசி அளவு. ஆனால் இந்தத் தங்கச்சிக்கு அக்காவிடம் இல்லாத ஒரு கதை உண்டு. 1876இல் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் பெரும்பங்கு கப்பலேறி இலங்கைக்கு வந்தது, அவற்றை நடுவதற்காகவே இந்தத் தோட்டம் அதே ஆண்டில் உண்டானது. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு இது தாய்மண். களுத்துறை, கேகாலைப் பக்கத் தோட்டங்களில் விடியற்காலையில் பால்வெட்டப் போன எம்மவர்களின் மூன்று தலைமுறை வாழ்வு ஒரு வகையில் இந்த நிலத்தில் இருந்து கிளம்பியதுதான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். "அப்ப அழிறப்பரும் இங்கயிருந்தா வந்தது?" என்று கேட்டான் லண்டனில் இருந்து வந்த பொடியன். கேள்வி நல்லது என்று ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன்.

கதையை விட்டாலும் ஹெனரத்கொட மத்தியானத்துக்கென்றே செய்தது போல இருக்கும். வானத்தை மறைக்கும் மரங்கள், அவற்றுக்கு நடுவே விரிந்த புல்வெளி, பிள்ளைகள் ஓடினாலும் கண்ணுக்குத் தெரியும் தூரம். சத்தம் என்றால் பறவையும் பக்கத்துக் குடும்பத்தின் ரபான் மேளமும்தான். கொழும்புக் கோட்டை நிலையத்தில் இருந்து கம்பஹாவுக்கு ரயில் அடிக்கடி உண்டு, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். நிலையத்தில் இருந்து ஓட்டோ. வானில் போனால் கண்டி வீதி நெரிசலில் பாதிப் பசி வழியிலேயே தீர்ந்துவிடும், ஆகவே ரயில்தான் என் தெரிவு. குறை: டிக்கெட் சாளரத்தில் உள்ளூருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்கு ஒரு விலை. பிறந்தது பருத்தித்துறை, பாஸ்போர்ட் கனடா என்று எங்கள் பெரியப்பா ஒருமுறை நிலைகொண்டு வாதாடினார். வரிசை பின்னால் நீண்டது. கடைசியில் காசைக் கட்டிவிட்டு, உள்ளே போய் அந்த வித்தியாசத்துக்கு ஈடாக இரண்டு பார்சல் சாப்பிட்டார். ஈரநிலப் பூங்காக்களிலும் இதே இரட்டை விலை உண்டு. வெளிநாட்டுச் சொந்தம் அதிகம் உள்ள குடும்பங்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காலிமுகத்திடலும் விகாரமகாதேவியும் எந்தப் பாஸ்போர்ட்டையும் கேட்பதில்லை.

இன்னும் தூரம் போகத் தயார் என்றால் முத்துராஜவெல உண்டு. களனி ஆற்றுக்கு வடக்கே நீர்கொழும்புக் களப்பு வரை நீளும் சதுப்பு, காலையில் படகில் போய்ப் பார்க்க வேண்டியது. படகில் இருந்து இறங்கி நீர்கொழும்பில் மீன் சோறு சாப்பிடலாம். அது முழு நாள் வேலை, பிக்னிக் என்பதைவிடப் பயணம். மொரட்டுவைப் பக்கம் பொல்கொட ஏரியில் தனியார் தோட்டங்களை ஒரு நாளுக்கு எடுக்கலாம், அலுவலகக் கூட்டங்களுக்கு நல்லது, செலவு கூட. அவிசாவளைப் பக்கம் சீதாவக்க ஈரவலயத் தாவரவியல் பூங்கா பச்சைப் பசேல். பெயரிலேயே ஈரம் இருப்பதைக் கவனியுங்கள், குடை வேண்டும்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கடல் கறுத்துக் கொந்தளிக்கும், காலிமுகத்தில் அலை சுவரில் மோதி நடப்பவர்களை நனைக்கும். அழகுதான், கால் நனைக்க இறங்கக் கூடாது. ஒக்டோபர், நவம்பரில் காலை பளிச்சென்று இருந்து மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு கொட்டும். அந்த இரண்டு மாதமும் காலைச் சாப்பாட்டுக் கட்சியே வெல்லும். ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும், அப்போது மரநிழல்கூட மரத்தின் காலடிக்குள் சுருங்கிவிடும். மார்கழி முதல் மாசி வரைதான் கடல், மரம், சதுப்பு மூன்றும் ஒத்துழைக்கும் காலம். சொந்தங்கள் பனிக்குப் பயந்து அந்த நேரத்தில் வருவது எங்கள் அதிர்ஷ்டம். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளைத் தவிர்க்கவும். நாடே வீட்டை விட்டு வெளியில் நிற்கும்.

இந்த வருடம் நான் முடிவெடுத்துவிட்டேன், வாக்கெடுப்பு இல்லை. புதன்கிழமை, பாடசாலை விடுமுறை என்றாலும் வேலை நாள், சனம் குறைவு. ஹெனரத்கொட, மத்தியானச் சோறு. அம்மாவுக்கு மடக்குக் கதிரை ஒன்று வாங்கியாயிற்று, அதைத் தூக்குவது மச்சான். பறவை அங்கேயும் உண்டு என்று அவரைச் சமாளித்தேன். பெரியப்பாவின் டிக்கெட் என் கணக்கில். சித்தி மட்டும் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். வெள்ளவத்தையில் இருந்து கோட்டை வரைக்கும் ரயில் கடலை உரசிக்கொண்டுதான் போகிறது. இடது பக்க ஜன்னலோர இருக்கையைப் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வரும்போது வலது பக்கம், சூரியன் விழுகிற நேரத்தில்.